எட்டடி அகலப் பெட்டியும் நவீன உலகமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நவீன உலகை ஆக்கியது எது என்று கேட்டால் நம் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் வழக்கமாக வரும் விடைகள் நான்கைந்துதான். நீராவி இயந்திரம், மின்சாரம், விமானம், கணினி, கைத்தொலைபேசி. இப்போது செயற்கை நுண்ணறிவும் சேர்ந்துவிட்டது. இவற்றில் எதையும் மறுக்க நாங்கள் எழுதவில்லை. ஆனால் கொழும்பில் இருந்துகொண்டு இந்தக் கேள்விக்கு விடை சொல்பவர்கள் கொள்கலனை மறந்துவிட்டுப் பேசுவது எங்களுக்குப் பொறுக்கவில்லை. கொச்சிக்கடையிலோ மட்டக்குளியிலோ இருப்பவர்களுக்குக் கொன்டெய்னர் என்றால் வீதியை அடைத்துக்கொண்டு நிற்கும் நீண்ட லொறி, அவ்வளவுதான். அந்த லொறியின் முதுகில் இருப்பது என்ன, அது எப்படி உலகத்தை மாற்றியது, அதனோடு தொழில் செய்கிறவர்கள் எங்கே கையைச் சுட்டுக்கொள்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத அனுமதியுங்கள்.

பெட்டி வருவதற்கு முன் கப்பலில் சரக்கு ஏறியது எப்படி என்று தெரிந்தால்தான் மாற்றத்தின் அளவு விளங்கும். தேயிலைப் பெட்டி, கொப்பரா மூட்டை, ரப்பர் கட்டு, கறுவாப் பொதி என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக மனிதத் தோளில் ஏறி, வலையிலோ கயிற்றிலோ தொங்கி, கப்பலின் வயிற்றுக்குள் இறங்கி, அங்கே இன்னொரு கூட்டத்தால் பலகை கொடுத்து இறுக்கி அடுக்கப்படும். 1954இல் நியூயோர்க்கின் புரூக்ளினிலிருந்து ஜெர்மனியின் பிரேமஹாவனுக்குப் போன 'வொரியர்' என்ற கப்பலின் ஒரு பயணத்தை ஆய்வாளர்கள் அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துக் கணக்கெடுத்தார்கள். சரக்கு சுமார் 5,000 தொன். தனி உருப்படிகள் 1,94,582. ஏற்ற 6 நாள், அத்திலாந்திக்கைக் கடக்கப் பத்தரை நாள், இறக்க 4 நாள். மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரண்டு கரைகளிலுமே போய்விட்டது. கடல் எவ்வளவு அகலமென்பது பெரிய செலவாக இருக்கவில்லை. கரைதான் செலவு.

அந்தக் கரைச் செலவை உடைத்தவர் கப்பல்காரர் அல்லர். அமெரிக்காவின் வட கரோலைனாவைச் சேர்ந்த லொறி முதலாளி மால்கம் மக்லீன். 1956 ஏப்ரல் 26ஆம் திகதி 'ஐடியல் எக்ஸ்' என்ற பழைய எண்ணெய்க் கப்பலின் மேல்தளத்தில் 58 பெட்டிகளை வைத்து நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். உதிரியாக ஏற்றினால் தொன்னுக்கு 5 டொலர் 83 சதம் செலவான காலத்தில், பெட்டியாக ஏற்றியபோது ஏறத்தாழ 16 சதம்தான் என்று கணக்குச் சொன்னது. முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவு.

இந்தக் கதை பலருக்குத் தெரியும். இதற்குப் பின் நடந்ததுதான் தெரியாது, எங்கள் கடிதத்தின் சாரமும் அங்கேதான் இருக்கிறது. பெட்டி வந்தவுடன் உலகம் மாறிவிடவில்லை. மக்லீனின் பெட்டி 35 அடி. பசிபிக் பக்கத்தில் ஹவாய்க்கு ஓடிய மட்சன் கொம்பனியின் பெட்டி 24 அடி. தென்னமெரிக்காவுக்கு ஓடிய கிரேஸ் லைனின் பெட்டி 17 அடி. ஒருவரின் பெட்டி மற்றவரின் கப்பலில் இருக்காது, ஒருவரின் பாரந்தூக்கி மற்றவரின் பெட்டியைப் பிடிக்காது. அப்படியே விட்டிருந்தால் கொள்கலன் என்பது நான்கைந்து கொம்பனிகளின் தனிப்பட்ட வசதியாகவே முடிந்திருக்கும். கொழும்புக்கு அது வந்தே இருக்காது. எந்த அளவுக்கென்று நாம் பாரந்தூக்கி வாங்குவது?

1961இல் சர்வதேச நியம அமைப்பு இதற்கென்று ஒரு தொழில்நுட்பக் குழுவை அமைத்தது. வருடக் கணக்கில் இழுபறி. நீளம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, மூலையில் என்ன பொருத்து என்று ஒவ்வொரு நாடும் தன் வீதிச் சட்டத்தையும் தன் ரயில் பாதையையும் பிடித்துக்கொண்டு நின்றது. முடிச்சு அவிழ ஒரு பெரிய காரணம், மக்லீனின் கொம்பனி 1963இல் தன் மூலைப் பொருத்துக்கான காப்புரிமையை எல்லோரும் பயன்படுத்த விட்டுக்கொடுத்தது. பொறியியலாளர் கீத் டான்ட்லிங்கரின் வேலை அது. பணம் பண்ணக்கூடிய ஒன்றைக் கைவிட்டதனால்தான் பெட்டி பொதுச்சொத்தானது. 1968இல் அளவு நியமம், 1970இல் மூலைப் பொருத்து நியமம். நவீன உலகத்தின் பிறந்த தேதியைக் கேட்டால் நாங்கள் இந்த இரண்டையும்தான் சொல்வோம்.

அளவைப் பாருங்கள். அகலம் 8 அடி, அதாவது 2.438 மீற்றர். நாற்பதடிப் பெட்டியின் நீளம் 12,192 மில்லிமீற்றர், சரியாக நாற்பது அடி. இருபதடிப் பெட்டி என்கிறோமே, அதன் நீளம் இருபது அடி அல்ல. 6,058 மில்லிமீற்றர், பத்தொன்பது அடி பத்தரை அங்குலம். ஏன் குறைத்தார்கள்? இரண்டு இருபதடிப் பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து நடுவில் 76 மில்லிமீற்றர், அதாவது மூன்று அங்குலம், இடைவெளி விட்டால் சரியாக 12,192 வரும். அந்த இரண்டின் மேல் ஒரு நாற்பதடிப் பெட்டியை வைத்தால் வெளிமூலைகள் நான்கும் ஒன்றின்மேல் ஒன்று கச்சிதமாக உட்காரும். இந்த மூன்று அங்குலத்தை யோசித்தவர்கள்தான் உலக வர்த்தகத்தை அடுக்கக்கூடியதாக்கினார்கள்.

மூலைதான் பெட்டியின் உயிர். எட்டு மூலைகளிலும் வார்ப்பு உருக்குக் கட்டி ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். 178க்கு 162, உயரம் 118 மில்லிமீற்றர். மேல்முகத்தில் 124க்கு 63.5 மில்லிமீற்றரில் நீள்வட்டத் துளை. அந்தத் துளைக்குள் டுவிஸ்ட் லொக் என்ற திருகுப் பூட்டின் தலை நுழைந்து, 90 பாகை திரும்பினால் பூட்டிக்கொள்ளும். பாரந்தூக்கியின் சட்டம் பிடிப்பதும் இதே துளையில், லொறியின் ட்ரெய்லர் பிடிப்பதும் இதே துளையில், கப்பல் தளத்தில் ஒன்றின்மேல் ஒன்றைப் பூட்டுவதும் இதே துளையில். ஷங்ஹாயில் வார்த்த மூலையை ரொட்டர்டாமின் பாரந்தூக்கி தூக்கும், கொழும்பின் பாரந்தூக்கியும் தூக்கும்.

இன்னொன்றும் இதிலிருந்து விளங்கிக்கொள்ள வேண்டும். அடுக்கிய பெட்டிகளின் பாரம் முழுவதும் நான்கு மூலைத் தூண்கள் வழியாகவே கீழே இறங்குகிறது. சுவர் என்பது இரண்டு மில்லிமீற்றர் அளவுள்ள நெளிதகடு, கூரையும் அப்படியே. பழைய கொன்டெய்னரை வாங்கிக் கடையாகவும் களஞ்சியமாகவும் மாற்றுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. நிலத்தில் வைக்கும்போது நான்கு மூலைக்கும் சீமெந்துக் கட்டை கொடுக்காமல், நடுவில் கல்லை முட்டுக்கொடுத்து வைத்துவிடுகிறார்கள். சில மாதத்தில் சட்டம் முறுக்கிக் கதவு மூட வராது. பக்கச் சுவரை அகலமாக வெட்டிக் கண்ணாடி போடுகிறவர்கள், வெட்டிய இடத்தைச் சுற்றி இரும்புச் சட்டம் பற்றவைக்காவிட்டால் மேலே இரண்டாவது பெட்டியை வைக்கவே கூடாது.

பெட்டியின் கதவில் இருக்கும் இலக்கத்தையும் ஒருமுறை நின்று பாருங்கள். நான்கு ஆங்கில எழுத்து, ஆறு இலக்கம், அப்புறம் ஒரு சின்னக் கட்டத்துக்குள் ஏழாவது இலக்கம். அந்தக் கட்டத்துக்குள் இருப்பது சோதனை இலக்கம். பாடநூல்களில் வரும் உதாரணத்தையே எடுப்போம்: சீ, எஸ், க்யூ, யூ, 305438, கட்டத்துக்குள் 3. எழுத்துகளுக்கு ஏ என்றால் 10, பீ என்றால் 12 என்று எண் கொடுத்திருக்கிறார்கள், 11இன் மடங்குகளை விட்டுவிட்டு. அதன்படி சீ 13, எஸ் 30, க்யூ 28, யூ 32. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றையும் 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்து 512 வரை பெருக்கிக் கூட்டினால் 6,185 வரும். அதை 11ஆல் வகுத்தால் மீதி 3. எழுதும்போது ஓர் இலக்கம் தவறினாலோ, பக்கத்துப் பக்க இலக்கம் இரண்டு இடம் மாறினாலோ மீதி பெரும்பாலும் பொருந்தாது. கணினி அங்கேயே நிறுத்திவிடும். ஆவணம் அடிக்கிறவர் கட்டத்துக்குள் இருக்கும் இலக்கத்தை 'தேவையில்லாதது' என்று விட்டுவிடுவது இன்னமும் நடக்கிறது. அதனால் ஒரு நாள் போகும்.

கொழும்புக்கு வருவோம். 1869இல் சுயஸ் கால்வாய் திறந்தது. அதுவரை காலிதான் இலங்கையின் பெரிய துறைமுகம். அங்கே கடலடிப் பாறை. 1875இல் கொழும்பில் தென்மேற்கு அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் வைத்தார்கள், அடுத்த பத்தாண்டில் சுவர் எழுந்தது, கப்பல்கள் இங்கே திரும்பின. 1985இல் ஜய கொள்கலன் முனையம். 2013இல் தெற்குத் துறைமுகத்தில் 18 மீற்றர் ஆழத்துக்கு முனையம். இந்த ஆழம்தான் முக்கியம்: இன்றைய பெரிய கப்பலின் நீளம் 400 மீற்றர், அகலம் 60 மீற்றருக்கு மேல், நிறைசுமையில் 16 மீற்றர் அளவுக்குத் தண்ணீருக்குள் இறங்கும். அப்படிப்பட்ட கப்பல் எல்லாத் துறைமுகத்துக்கும் போகாது. கிழக்கு மேற்குக் கப்பல் பாதை இலங்கையின் தென்முனையான தெவிநுவரவுக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில் போவதால், கொழும்புக்கு வருவதென்றால் கப்பலுக்குப் பெரிய சுற்றில்லை. இங்கே இறக்கிவிட்டுப் போனால், சிறிய கப்பல்கள் அதை இந்தியாவின் துறைமுகங்களுக்கும் சிட்டகொங்குக்கும் எடுத்துப்போகும். ஆண்டுக்கு 70 லட்சத்துக்கு மேல் இருபதடிப் பெட்டிக் கணக்கில் கொழும்பு கையாள்கிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு நம் நாட்டுக்குள் கதவு திறக்காமலே போய்விடும் பெட்டிகள். நம் துறைமுகம் வாழ்வது அந்த மூன்று அங்குல ஒத்துப்போதலில்தான்.

கட்டுநாயக்கவில் தைக்கும் சட்டையின் துணி ஒரு நாட்டில், பொத்தான் இன்னொரு நாட்டில், வாங்குகிறவர் மூன்றாவது நாட்டில் இருப்பதும் இதனால்தான். கப்பல் கூலி விலையில் ஒரு பொருட்டாக இல்லாமல் போனபோது தொழிற்சாலை எங்கே கூலி குறைவோ அங்கே நகர்ந்தது. அது எல்லோருக்கும் நன்மையாக முடியவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். 1981 ஆகும்போது லண்டன் நகரின் பழைய கப்பல் துறைகள் எல்லாம் மூடிவிட்டன. துறைமுகத்தில் ஆயிரக்கணக்கான தோள்கள் செய்த வேலையை ஒரு பாரந்தூக்கியும் சில பேரும் செய்கிறார்கள். ஆனால் புறக்கோட்டைக்கு வந்து பெட்டிக் கதவைத் திறந்தால் வேலை இன்னமும் மூட்டை சுமக்கும் நாட்டாமிமாரின் முதுகில்தான். சீனி மூட்டை, பருப்பு மூட்டை, உள்ளிப் பை என்று இருபது தொன்னுக்கு மேற்பட்ட சரக்கைக் கையால்தான் இறக்குகிறார்கள். நவீன உலகம் நான்காம் குறுக்குத் தெரு முனையில் லொறி நிற்கிற இடத்தில் முடிந்துவிடுகிறது. அவர்களைப் பற்றிக் கடைசியில் ஒரு வேண்டுகோள் இருக்கிறது.

இனி எங்கே தவறு நடக்கிறது என்று பார்ப்போம். முதலாவது நிறை. கப்பலில் எந்தப் பெட்டி எங்கே என்று திட்டமிடுகிறவர் பெட்டியைப் பார்ப்பதில்லை, எழுதிக்கொடுத்த நிறையைத்தான் பார்க்கிறார். 2007இல் ஆங்கிலக் கால்வாயில் உடல் பிளந்து டெவன் கரையில் கொண்டுபோய் ஏற்றப்பட்ட 'எம்எஸ்சி நெப்போலி' கப்பலில், மேல்தளப் பெட்டிகளில் ஐந்தில் ஒன்று, எழுதிய நிறைக்கும் உண்மைக்கும் மூன்று தொன்னுக்கு மேல் வித்தியாசப்பட்டதை விசாரணை கண்டது. 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த மொத்த நிறை இல்லாமல் ஏற்றுமதிப் பெட்டியைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது சர்வதேசச் சட்டம். வழி இரண்டு: நிரப்பி மூடிய பெட்டியை முழுதாக நிறுப்பது, அல்லது சரக்கு, அதை அடுக்கும் மரத்தட்டான பெலட், கட்டுப்பலகை, பொதி எல்லாவற்றையும் நிறுத்துக் கூட்டி, கதவில் எழுதியிருக்கும் வெற்று நிறையையும் சேர்ப்பது. இரண்டாவது வழியில் பெலட்டின் நிறையை விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. பத்து மரப் பெலட் என்றால் இருநூறு கிலோவுக்கு மேல். நிறை சரியாக இருந்தாலும் அதைப் பரப்பி வைத்த விதம் பிழையாகலாம்: பெட்டியின் ஒரு பாதியில் 60 சதவீதத்துக்கு மேல் பாரம் வரக்கூடாது. இரும்புச் சாமானை முன்பக்கம் குவித்து, பின்பக்கம் லேசான அட்டைப்பெட்டி அடுக்கிய கொன்டெய்னரைத் தூக்கும்போது சரிகிறது, வளைவில் லொறி கவிழ்கிறது.

பெலட் பற்றியும் ஒரு வார்த்தை. பெட்டியின் உள்ளகலம் 2.35 மீற்றர். ஐரோப்பியப் பெலட் 1.2 மீற்றருக்கு 0.8. இரண்டை நீளவாட்டில் பக்கம் பக்கமாக வைத்தால் 2.4, ஐந்து சென்ரிமீற்றரால் போகாது. ஒன்றை நீட்டியும் ஒன்றைக் குறுக்காகவும் வைத்து இருபதடிக்குள் 11 பெலட் போடுகிறார்கள், மிச்ச இடைவெளிக்குக் காற்றுப்பை ஊதி இறுக்க வேண்டும். பெட்டியின் எட்டடி அமெரிக்க வீதி கொடுத்தது, பெலட் ஐரோப்பிய ரயில் கொடுத்தது. ஒத்துப்போகாத இரண்டு அளவுகளுக்காக அறுபது வருடமாக உலகம் காற்றைக் கப்பலேற்றிக்கொண்டிருக்கிறது.

நமக்கு மிக நெருக்கமான பிழை ஈரம். தேயிலை ஏற்றுமதி செய்கிறவர்கள் இதைத் தெரிந்தே இருக்க வேண்டும், ஆனால் ஒவ்வொரு வருடமும் யாராவது சரக்கைக் கெடுத்துக்கொள்கிறார்கள். கொழும்பின் வெக்கையில் மூடிய பெட்டிக்குள் ஈரக்காற்று இருக்கிறது. கப்பல் குளிர்நாட்டுப் பக்கம் போகப்போகக் கூரைத்தகடு குளிர்கிறது. இரவில் அந்த ஈரம் தகட்டின் உட்புறத்தில் முத்து முத்தாகப் படிந்து, சொட்டுச் சொட்டாகப் பைகளின் மேல் விழுகிறது. கதவைத் திறக்கும்போது மேல் வரிசைப் பைகளில் வட்ட வட்டமாகக் கறை. கடல்நீர் புகுந்துவிட்டது என்று சண்டை பிடிப்பார்கள். பெட்டியில் ஓட்டையே இருக்காது. ஈரம் வருவது பெரும்பாலும் பச்சை மரப் பெலட்டிலிருந்தும், மழையில் நனைந்த தரைப்பலகையிலிருந்தும்தான். எனவே காய்ந்த பெலட், சுவரிலும் மேலேயும் தடித்த கடதாசி விரிப்பு, நெளிதகட்டுப் பள்ளத்தில் தொங்கவிடும் கல்சியம் குளோரைட் பை. சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சின்னச் சிலிக்காப் பொட்டலங்களைப் போட்டு எந்தப் பிரயோசனமும் இல்லை, அவை பெட்டி அளவுக்கு ஒரு நாளைக்கே காணாது.

தேயிலைக்குப் பெட்டி வரும்போது செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது, செலவே இல்லாதது. கதவைத் திறந்து நன்றாகக் காற்றாட விட்ட பிறகு, ஒருவர் உள்ளே போய் நிற்க, வெளியே இன்னொருவர் இரு கதவையும் மூட வேண்டும். கண் இருட்டுக்குப் பழக இரண்டு மூன்று நிமிடம். பிறகு கூரை, மேல் மூலைகள், ஒட்டுப்போட்ட இடங்கள், கதவு ரப்பரின் ஓரம், தரையும் சுவரும் சேரும் கோடு என்று சுற்றிப் பார்க்க வேண்டும். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தாலும் பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள். அதே மூச்சில் மணத்தையும் பாருங்கள். முந்திய பயணத்தில் கருவாடோ மசாலாவோ இரசாயனமோ வந்திருந்தால் தரைப்பலகை அதை வைத்திருக்கும்; தேயிலை அதைக் குடித்துவிடும். கழுவிக் காட்டுவார்கள். கழுவிய பலகை ஈரம், அது இன்னும் மோசம்.

குளிரூட்டிய பெட்டியைப் பற்றி ஒரே விஷயம்: ரீபர் சரக்கைக் குளிராக்கும் யந்திரம் அல்ல, குளிராக வந்த சரக்கை அப்படியே வைத்திருக்கும் யந்திரம். சூடான மீனையோ பழத்தையோ ஏற்றிவிட்டு உள்ளே குளிர்ந்துவிடும் என்று நம்பக் கூடாது. காற்று தரையிலுள்ள பள்ளங்கள் வழியாக வந்து மேலே ஏறித் திரும்புகிறது. சிவப்புக் கோட்டுக்கு மேல் அடுக்கினால் காற்று திரும்ப வழியில்லை, நடுப்பகுதி அழுகும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் மூச்சுவிடும் சரக்கு, காற்றுத் துவாரம் திறந்திருக்க வேண்டும். உறைந்த மீனுக்கு அது மூடியிருக்க வேண்டும்.

ஆபத்தான சரக்கைப் பற்றி எழுத 2021 மே மாதத்தைவிட வேறு உதாரணம் தேவையில்லை. 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' கப்பலில் 1,486 பெட்டிகள். 25 தொன் நைட்ரிக் அமிலமும் சரக்கில் இருந்தது. அது கசியத் தொடங்கியதைக் கப்பலில் அறிந்திருந்தார்கள். வழியில் இரண்டு துறைமுகங்கள் அந்தப் பெட்டியை இறக்கிக்கொள்ளவில்லை. கொழும்புக்கு வெளியே 20ஆம் திகதி தீ. ஜூன் 2இல் கப்பல் அமிழத் தொடங்கியது. 1,600 தொன்னுக்கு மேற்பட்ட பிளாஸ்டிக் குருணை கடலுக்கும் கரைக்கும் வந்தது. நீர்கொழும்பு மீனவர்கள் அனுபவித்ததை எல்லோரும் அறிவோம். நைட்ரிக் அமிலம் அரிப்பது மட்டுமல்ல, மரத்தையும் நாரையும் எரியவைக்கக் கூடியது. ஐக்கிய நாடுகள் எண் 2031 என்று ஒட்டியிருந்தால் உலகின் எந்தத் துறைமுகத்திலும் அது என்னவென்று தெரியும். மூடி சரியாக இறுக்கப்பட்டதா, பீப்பாய் நிமிர்ந்து நிற்கிறதா என்பதை அந்த எண் சொல்லாது. அதைப் பொதி கட்டுகிறவர்தான் பார்க்க வேண்டும்.

புறக்கோட்டைச் சிறு இறக்குமதியாளருக்கு வரும் அடி வேறு. உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பார்கள். பெட்டி துறைமுகத்தில் கிடந்தால் இடத்துக்கு வாடகை ஒன்று ஓடுகிறது. பெட்டியின் சொந்தக்காரரான கப்பல் கொம்பனிக்குத் தாமதக் கட்டணம் இன்னொன்று ஓடுகிறது. வெளியே எடுத்துவிட்டால் முதல் கடிகாரம் நிற்கும், இரண்டாவது நிற்காது. வெற்றுப்பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்வரை ஓடும். இலவச நாட்கள் பொதுவாகக் கப்பல் இறக்கிய நாளிலிருந்து எண்ணப்படும், உங்கள் கையில் பத்திரம் கிடைத்த நாளிலிருந்து அல்ல. எத்தனை நாள், போயா தினமும் ஞாயிறும் சேருமா என்பதைச் சரக்கு ஏற்ற முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெட்டியை எடுக்கும்போதும் திருப்பிக் கொடுக்கும்போதும் ஆறு பக்கமும், உள்தரையும் படம் எடுங்கள். ஆணி அடித்த தரை, பிய்ந்த ரப்பர் என்று வைப்புப்பணத்தில் வெட்டும்போது அந்தப் படம்தான் பேசும். முழுப்பெட்டி இல்லாமல் பலரோடு பங்கிட்டுச் சரக்கு எடுப்பிக்கிறவர்கள், 'கப்பல் கூலி ஒன்றுமே இல்லை' என்று அந்த நாட்டில் சரக்கை ஏற்றிவிடுபவர் சொன்னால் உடனே உஷாராக வேண்டும். அந்தப் பணம் கொழும்பில் பிரித்தெடுக்கும் கட்டணமாக உங்களிடம் வரும். கொழும்புச் செலவு முழுவதையும் முன்கூட்டியே பட்டியலாக வாங்காமல் சம்மதிக்காதீர்கள்.

ஒரே அளவுக்கு ஒத்துக்கொள்வது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைத் துறைமுகத்துக்குப் போகாமலே வீட்டுச் சுவரில் பார்க்கலாம். 5 அம்பியர் உருண்டை முள், 15 அம்பியர் உருண்டை முள், 13 அம்பியர் சதுர முள் என்று மூன்றும் நம் வீடுகளில் இருக்கின்றன. பேனா மூடியை நிலத்தொடர்புத் துளைக்குள் திணித்து இரண்டு முள் பிளக்கைச் செருகுவதைப் பிள்ளைகள்கூடச் செய்கிறார்கள். தளர்வாக நிற்கும் முள் சூடேறி, பிளாஸ்டிக் கருகித் தீப்பிடிப்பது இதனால்தான். சதுர முள்ளைத் தேசிய நியமமாக்கும் முடிவு 2016இல்தான் வந்தது. பெட்டிக்கு உலகம் எடுத்த பத்து வருடத்தை நாம் பிளக்குக்கு எடுக்காமல் இருந்தால் நல்லது.

ஆசிரியர் அவர்களே, வேண்டுகோள் இதுதான். எலி, பூச்சிக்காக மருந்தடித்த பெட்டிகளின் கதவில் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு மண்டையோட்டுப் படத்துடன் ஓர் எச்சரிக்கை ஒட்டியிருக்கும். அது ஆங்கிலத்தில்தான் வருகிறது. கதவைத் திறந்து முதலில் உள்ளே ஏறுகிற நாட்டாமிமார் தமிழும் சிங்களமும் படிக்கிறவர்கள். அந்த எச்சரிக்கையில் மருந்தின் பெயர், அடித்த திகதியும் நேரமும், காற்றாட விட்ட திகதி என்று மூன்று வரிகள் முக்கியம். மூன்றாவது வரி வெறுமையாக இருந்தால் உள்ளே போகக் கூடாது. பொஸ்பைன் வாயு என்றால் சில வேளை உள்ளி மணம் போல வரும். மணமே இல்லாமலும் இருக்கலாம். இரு கதவையும் முழுதாகத் திறந்து, ஆட்களைத் தள்ளி நிறுத்தி, வாயு அளக்கும் கருவியோடு தெரிந்தவர் வந்து பார்த்த பிறகே ஏற வேண்டும். தரையில் சாம்பல் நிறத் தூள் நிறைந்த சின்னப் பைகள் கிடந்தால் கையால் எடுக்கக் கூடாது, தண்ணீர் ஊற்றவும் கூடாது. யாருக்காவது தலைசுற்றலோ நெஞ்சடைப்போ வந்தால் மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடி இழுக்கப் போகாதீர்கள். அப்படிப் போகிறவர் இரண்டாவதாக விழுவார். உடனே 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.

அந்த எச்சரிக்கையின் படத்தை அதன் தமிழ் விளக்கத்தோடு உங்கள் பத்திரிகையில் ஒரு தடவை பெரிதாகப் போடுங்கள். வெட்டி எடுத்துக் களஞ்சியச் சுவரில் ஒட்டும் அளவுக்கு இருக்கட்டும்.

இப்படிக்கு,
கொள்கலன் ஏற்றியிறக்கும் தொழிலில் இருப்போர் சிலர்,
கொழும்பு 13.